இஸ்தான்புல்லில் ஒரு சேர்ச்

குழு: கொக்குவில் வீடு

நிலா, 4:12
[படம்]
பெரியம்மா, இது கிறிஸ்து தேவாலயம். கலாட்டாக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. கிரிமியன் சேர்ச் என்றும் சொல்கிறார்கள்.

பெரியம்மா, 4:15
துருக்கியில் வெள்ளைக்காரர் சேர்ச்சா? ஆர் கட்டினது?

நிலா, 4:21
1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியாப் போரில் இறந்த பிரிட்டிஷ் படையினரின் நினைவாகக் கட்டியது. அந்தப் போரில் துருக்கியும் பிரிட்டனும் ஒரே பக்கம், எதிரி ரஷ்யா. அதனால் சுல்தான் அப்துல்மெஜிதே காணி கொடுத்தார். 1858இல் அடிக்கல் நட்டு, 1868இல்தான் முடித்தார்கள்.

பிரதீப், 4:23
பத்து வருஷமா?

நிலா, 4:27
ஓம். போட்டியில் வென்றவர் வில்லியம் பர்ஜஸ். ஆனால் அவருடைய வரைபடத்தைக் கைவிட்டு, ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருவில் பெரிய நீதிமன்றம் இருக்கிறதே, அதுவும் பிறகு அவர் வரைந்ததுதான்.

பிரதீப், 4:28
அதுக்கு முன்னாலதான் தினமும் பஸ்ஸில் போறேன்!

பெரியம்மா, 4:30
செத்த பிள்ளைகளையும் அங்கேதான் தாட்டதா?

நிலா, 4:34
இல்லை, அக்கரையில் ஹைதர்பாஷா கல்லறையில். நேற்றுப் போய் வந்தேன். சண்டையில் இறந்தவர்களைவிடக் கொலரா போன்ற நோய்களில் இறந்தவர்கள்தான் கூட. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் வேலை செய்த செலிமியே முகாமும் அந்தப் பக்கம்தான்.

குகன் மாமா, 4:52
அந்த ஒழுங்கை எனக்குத் தெரியும் பிள்ளை. 1990இல் நாலு மாதம் அந்த ஊரில் நின்றேன். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் திரும்பி வரவேயில்லை. ஒரு அறையில் எட்டுப் பேர், இரண்டு போர்வை. அப்போது இந்தச் சேர்ச் பூட்டிக் கிடந்தது.

நிலா, 4:56
மாமா!! இதை ஒரு நாளும் சொன்னதில்லையே. சனம் குறைந்துபோய் 70களில் பூட்டியிருக்கிறார்கள். 1991இல் இயன் ஷெர்வுட் என்ற குருவானவர் திரும்பத் திறந்திருக்கிறார். திருத்த வேலையில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த அகதிகள். வாசித்ததும் கண் கலங்கிவிட்டது, அதுதான் உடனே குழுவில் போட்டேன்.

குகன் மாமா, 5:08
அது உண்மை. எங்கள் அறைப் பெடியள் இரண்டு பேர் அங்கே வேலைக்குப் போனவர்கள். ஒருவன் பிறகு சுவிஸிலிருந்து கடிதம் போட்டான். நாள் முழுக்கத் தூசி தட்டி, இரவில் மூக்குச் சிந்தினால் கறுப்பாக வருமாம். ஆனால் சூடாகச் சாப்பாடு கிடைத்தது, பொலிஸுக்குப் பயப்படாமல் படுத்தோம் என்று எழுதியிருந்தான். நான் அதற்கு முன்பே வெளிக்கிட்டுவிட்டேன்.

பெரியம்மா, 5:10
குகன், இத்தனை வருஷமாக எனக்குக்கூட வாய் திறக்கவில்லையே நீ.

குகன் மாமா, 5:13
அம்மா உயிரோடு இருக்கும்வரை சொல்ல மனம் வரவில்லை அக்கா.

பெரியம்மா, 5:15
நிலா, நாளைக்கு ஞாயிறு. கட்டாயம் ஆராதனைக்குப் போ. அந்தப் பெடியளுக்காகவும் செபி.

நிலா, 5:16
சரி பெரியம்மா.

குகன் மாமா, 5:19
உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்பு பிள்ளை. நான் வெளிக்கதவை மட்டும்தான் கண்டேன்.