கோவா வேரில் வெள்ளைப் புழு, மீதிக் கன்றுகளைக் காப்பாற்றலாமா?

மதி (தென் லண்டன்):
அலொட்மென்டில் (வாடகைத் தோட்டத் துண்டில்) ஏப்ரல் கடைசியில் நட்ட கோவா. காலையில் நிமிர்ந்து நிற்குது, வெயில் ஏறத் தொங்குது. இலை நீலம் கலந்த ஊதா. இழுத்தால் கையோடு வருது. பக்கவேர் இல்லை, தண்டடியில் புழு. வேரில் வீக்கம் இல்லை. தண்ணீர் விட்டும் தெளியவில்லை. மருந்து உண்டா?

வரதன்:
வீக்கம் இல்லையென்றால் கிளப்ரூட் (வேர் வீங்கும் நோய்) அல்ல. கோவா வேர் இலையானின் வேலைதான். வீட்டு இலையான் மாதிரி, கொஞ்சம் சின்னது, சாம்பல் நிறம். தண்டை ஒட்டின மண்ணில் முட்டையிடும். புழு மூன்று கிழமையளவில் வேரைத் தின்றுவிட்டு மண்ணிலேயே கூட்டுப்புழுவாகும். வேர் இல்லாத கன்றுக்கு எவ்வளவு ஊற்றி என்ன?

வீட்டுத்தோட்டத்துக்கு அனுமதியுள்ள இரசாயன மருந்து இங்கே இல்லை. முழுதாக வாடினதை வேர் மண்ணோடு தோண்டி அகற்றுங்கள், கொம்போஸ்ட் குவியலில் போடாதேங்கோ. லேசாக வாடினதுக்குக் கீழ் இலை வரை மண் அணைத்து ஈரம் காத்தால், தண்டிலிருந்து புதுவேர் விடும். புழுவைக் கொல்லும் நெமற்றோட் (கண்ணுக்குத் தெரியாத நூற்புழு) வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். மண்ணின் வெப்பம் 12 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது, ஊற்றின பிறகும் காயவிடக்கூடாது. காய்ந்த மண்ணில் ஊற்றுவது காசைக் கொட்டுவதுதான்.

பவானி:
மதி அண்ணா, இனி நடுகிற கன்றுக்கு நட்ட அன்றே கொலர் (தண்டைச் சுற்றி மண்ணில் படுக்கும் வட்டத் தட்டு) போடுங்கோ. பழைய கார்ப்பெட்டின் அடிவிரிப்பில் 15 செ.மீ. வட்டம் வெட்டி, ஓரத்திலிருந்து நடு வரை ஒரு கீறல், நடுவில் தண்டளவுக்குச் சின்னக் குறுக்கு வெட்டு. மண்ணோடு படிந்து தண்டை இறுக்கிப் பிடிக்கவேணும். பெரும்பாலும் பிழை விடுவது இங்கேதான்: விரல் நுழையும் இடைவெளி விட்டால் இலையான் அதற்குள்ளேயே முட்டையிடும். சரியாகப் படிந்தால் முட்டை மேலே கிடந்து காயும். அடியில் ஒதுங்கும் வண்டுகளும் முட்டையைத் தின்னும்.

முள்ளங்கிக்கும் டர்னிப்புக்கும் கொலர் சரிவராது. வலைதான்.

குமரன்:
வலையென்றால் 1.3 மி.மீ. கண் உள்ள பூச்சிவலை, விளிம்பை மண்ணில் புதைத்து. ஆனால் போன வருஷம் கோவா, கேல், முள்ளங்கி நின்ற பாத்தியில் வலை போடாதேங்கோ. மண்ணுக்குள் குளிர்காலம் கழித்த கூட்டுப்புழு வலைக்குள்ளேயே இலையானாக வெளிவந்து, வெளியேற வழியின்றி உங்கள் கன்றிலேயே முட்டையிடும். பாத்தி மாற்றாமல் வலை போடுவது கள்ளனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது.

ஏப்ரல் கடைசி முதல் மே வரை முதல் தலைமுறை, இளங்கன்றுக்கு அதுதான் மோசம். தென் இங்கிலாந்தில் கோடையில் இன்னும் இரண்டு வரும், செப்டம்பர் வரை வலையை எடுக்கவேண்டாம்.

மதி:
பக்கத்துப் பாத்தியில் கரட். அதுக்கும் தொத்துமா?

வரதன்:
இல்லை, கரட் இலையான் வேறு. அது தாழப் பறக்கும், சுற்றி 60 செ.மீ. உயர வேலி போட்டால் பெரிதும் குறையும். முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் மேலும் மூடுங்கள். ஐதாக விதையுங்கள். நெருக்கமாக விதைத்துப் பிறகு கலைத்துப் பிடுங்கினால், நசுங்கின இலையின் வாசனைக்கே அது தேடி வரும்.