கோழி அடைகாத்த வான்கோழிக் குஞ்சுகள்

ஒட்டன்சத்திரம்

எங்கள் வீட்டில் கோழி இல்லாத நாளே கிடையாது. அம்மா காலத்துப் பஞ்சாரம் இன்னும் திண்ணையில் இருக்கிறது. இப்போது என்னிடம் ஏழெட்டுச் சிறுவிடைக் கோழிகளும் கழுத்தில் இறகில்லாத ஒரு கழுத்தறுத்தான் சேவலும் உண்டு. வான்கோழி வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால்தான். உறவுக்கார அண்ணன் ஒருவர் ஆறு முட்டைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வெளிறிய நிறத்தில் பழுப்புப் பொடி தூவினாற்போல் புள்ளிகள், ஒரு முனை நல்ல கூர். நாட்டுக்கோழி முட்டை இரண்டைச் சேர்த்தால்தான் அந்தக் கனம் வரும். வான்கோழியே இல்லாத வீட்டில் இதை யார் அடைகாப்பது? அடைக்கு உட்கார்ந்திருந்த சாம்பல் பெட்டையின் அடியில் வைத்தேன்.

கோழிமுட்டை பொரிக்க 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள். அதனால் எட்டாம் நாள் இரண்டு கோழிமுட்டைகளையும் உள்ளே தள்ளிவிட்டேன். எல்லாம் ஒரே சமயத்தில் பொரிக்க வேண்டும். வான்கோழிக் குஞ்சுக்குத் தானாகத் தீனி எடுக்கத் தெரியாது. தட்டு நிறையத் தீனி இருந்தாலும் பக்கத்திலேயே நின்று பட்டினியில் செத்துப்போகும். கோழிக்குஞ்சு கூட இருந்தால் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

ஆறில் ஐந்து பொரித்தன. முதல் மூன்று நாள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அவித்த முட்டையை உதிர்த்து ஊட்டினேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்து சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். பளபளப்பாக எதைக் கண்டாலும் கொத்தும் என்பதால் தீனித் தட்டில் பையனின் பச்சைக் கோலிக்குண்டுகளைப் போட்டுவைத்தேன். நான்காம் நாள் காலையில் நடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கோழிக்குஞ்சு கம்பு நொய்யைக் கொத்தியது. பக்கத்தில் நின்ற வான்கோழிக் குஞ்சு அதன் அலகையே கொத்தியது. அலகில் ஒட்டியிருந்த ஒரு நொய் இதன் வாய்க்குள் போனது. கழுத்தை நீட்டி விழுங்கிவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றது. அப்புறம் தட்டைக் கொத்தியது. அன்றைக்கு மதியத்துக்குள் ஐந்தும் கொத்த ஆரம்பித்துவிட்டன.

கரையான்தான் பெரிய உதவி. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணிச்சாக்கு, கொஞ்சம் ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்துவிடுவேன். விடிந்ததும் தூக்கினால் பானை நிறையக் கரையான் இருக்கும். சாம்பல் பெட்டை குரல் கொடுப்பதற்குள் குஞ்சுகள் மேலே விழுந்துவிடும். வளர்ந்த பிறகு பச்சை நிறையக் கேட்கும். சந்தையில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் இலை, கீரைத்தண்டு எல்லாம் சாக்கில் வந்து சேரும்.

இரண்டு மாதத்தில் குஞ்சுகள் தாயைவிட உயரமாகிவிட்டன. கோழிக்குஞ்சு இரண்டையும் அது கொத்தித் துரத்திவிட்டது, வான்கோழிகளைத் துரத்த முடியவில்லை. இரவில் ஐந்தும் தலையை மட்டும் அதன் இறக்கைக்குள் நுழைத்துக்கொள்ளும். உடம்பெல்லாம் வெளியே கிடக்கும். நடுவில் இது மூச்சுவிட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும், ஆனால் எழுந்து போகாது.

அதில் ஒரு சேவல் என் மாமனாரோடு ஒட்டிக்கொண்டது. மாமியார் இறந்த பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. அவர் இருமினால் வாசலிலிருந்து இது குளுகுளுவென்று பதில் கொடுக்கும். குக்கர் விசிலுக்கும் கொடுக்கும். சிவந்திருக்கும் அதன் தலை ஒரு நிமிடத்தில் நீலமாகும், வெளுக்கும். "இன்னைக்கு என்ன நெறம்?" என்று கேட்டுக்கொண்டேதான் மாமா காலையில் கதவைத் திறப்பார்.

கறிக்காகவும்தான் வளர்க்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் ஊட்டி வளர்த்ததை எங்கள் வீட்டுச் சட்டியில் பார்க்க முடியவில்லை. அதனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எடைக்கு எடை மாற்றிக்கொள்வோம். எங்கள் வான்கோழி அவர்களுக்கு, அவர்களுடையது எங்களுக்கு. மாமாவின் சேவல் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

பொள்ளாச்சி

அக்கா, அந்த நொய் விஷயத்தைப் படித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கோழி போன மண்ணில் வான்கோழியை விடாதீர்கள்.

நானும் சேர்த்துத்தான் விட்டிருந்தேன். போன வருடம் ஒன்பது வாரக் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நின்றன. எச்சம் கந்தகம் மாதிரி மஞ்சளாகப் போனது. வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து நாட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதிலேயே நான்கு நாள் போய்விட்டது. பதினொன்றில் ஏழு செத்தன. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். கல்லீரலில் காசு அளவுக்கு வட்ட வட்டமாக வெளிறிய குழிகள். கருந்தலை நோய் என்றார். பெயர்தான் அப்படி, தலை கறுக்கவே இல்லை.

கோழியின் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழுவின் முட்டைக்குள் இந்த நோய்க்கிருமி ஒளிந்திருக்கும். எச்சத்தோடு மண்ணுக்கு வந்து வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மண்புழு அதைத் தின்னும், மண்புழுவை வான்கோழி தின்னும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

அடைக்கு உங்கள் சாம்பல் பெட்டையை வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. வைப்பதற்கு முன் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். குஞ்சுகள் தீனி எடுக்கப் பழகியதும் தரையில் விடாமல் பலகை அடித்த மேடைக்கு மாற்றுங்கள். கோழிகள் மேய்ந்த இடத்துக்குப் போய்வந்த செருப்போடு அங்கே போகாதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசியும் நான் தவறவிடுவதில்லை. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

கறி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நான் என்னுடையதைத்தான் தின்பேன், நானே அறுப்பேன். முந்தின இரவே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைப்பேன். விடியுமுன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவேன். இருட்டில் அது பதறாது. குஞ்சாக என் கைக்கு வந்தது என் கையிலேயே பயமில்லாமல் போகட்டும் என்பது என் எண்ணம். வேறு ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் போவதை என்னால் பார்க்க முடியாது.

நாகர்கோவில்

எங்கள் அம்மைக்கு 74 வயது, தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் வெளியூர். ஒன்பது கோழி, நாலு வான்கோழி. முட்டி வலியோடு ஏன் இந்தப் பாடு என்று விற்கச் சொல்லி நானே சண்டை போட்டிருக்கிறேன்.

போன ஓணம் லீவுக்குப் போயிருந்தபோது பின்பக்கம் ஒரே சத்தம். நாலு வான்கோழியும் பலா மரத்தடியில் வட்டமாக நின்று கழுத்தை நீட்டிக் கத்துகின்றன. ஒன்றும் கிட்டே போகவில்லை, ஒன்றும் விலகவும் இல்லை. நடுவில் பாம்பு. அம்மை பதறவே இல்லை. "அதுங்க பாத்துக்கிடும், நீ கதவச் சாத்து" என்றாள். கொஞ்ச நேரத்தில் பாம்பு கல்மதில் பொந்துக்குள் போய்விட்டது. விற்கிற பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்குச் சேவல் ஒன்றை அம்மையே பிடித்துத் தருவாள். பெட்டைகளைத் தொட விடமாட்டாள். கறியில் குருமிளகும் வறுத்த தேங்காயும் அரைத்து ஊற்றி விறகடுப்பில் இரண்டு மணி நேரம் வைப்பாள். முற்றிய சேவலுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். நெஞ்சுக்கறி சீக்கிரம் காய்ந்துபோகும் என்று அதைக் கடைசியில்தான் போடுவாள்.

ஒட்டன்சத்திரம்

பொள்ளாச்சித் தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்த அன்றே மாமாவிடம் காட்டினேன். போன வருடம் எங்களிடம் இரண்டு குஞ்சு மஞ்சளாகக் கழிந்து செத்தன. குளிர் தாங்கவில்லை என்று நினைத்துவிட்டேன். இப்போதுதான் புரிகிறது, மனசு கேட்கவில்லை.

மாட்டுக்கொட்டகையின் மறுபக்கம் கோழி போகாத இடத்தில் மாமா மேடை அடிக்கிறார். மூங்கில் பிளந்து இடைவெளி விட்டு, முழங்கால் உயரத்தில். சேவல் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சுத்தியல் சத்தத்துக்கும் பதில் சொல்கிறது. சாம்பல் பெட்டைக்குப் புழு மருந்து கொடுத்து ஆறு முட்டை வைத்திருக்கிறேன். நேற்று எட்டாவது நாள், கோழிமுட்டை இரண்டையும் உள்ளே தள்ளியாயிற்று.