கலை மேலாண்மையில் முதுகலை: தோவாளையிலிருந்து ஒரு கேள்வி

பி.காம். முடித்து நான்கு வருஷமாக ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அப்பாவின் வில்லுப்பாட்டுக் குழுவுக்கும் கணக்கு நான்தான். கோயில் கொடைத் திருவிழாக் காலத்தில் வில்லையும் குடத்தையும் வேனில் ஏற்றுவதிலிருந்து முன்பணம் வாங்குவதுவரை என் தலையில்தான். போன வருஷம் ஒரு ஊரில் பேசிய தொகையில் நாலாயிரம் குறைத்துவிட்டார்கள். ஒப்பந்தம் என்று எங்களிடம் இருந்தது, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அப்பா எழுதிய ஒரு வரி! அன்றைக்கு வந்த ஆசைதான் இந்தப் படிப்பு. வெளிநாடு போகலாமா?

தக்கலை அக்கா: லண்டன் கிங்ஸ் காலேஜில் கலை, பண்பாட்டு மேலாண்மைக்கே எம்.ஏ. இருக்கிறது, முழுநேரம் என்றால் ஒரு வருஷம். பிரிட்டிஷ் அரசு தருகிற செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும், உனக்கு இருக்கிறது. படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் நம் நாட்டில் இருக்க வேண்டும். கொடையை விட்டுவிட்டு நீ எங்கே போகப் போகிறாய்?

குளச்சல்காரன்: மக்ளே, முதலில் கொச்சி பினாலே கலைக் கண்காட்சியைப் போய்ப் பாரு. 2012-ல் தொடங்கியது. பழைய கிடங்குகளே காட்சிக்கூடம். அப்புறம், ஆய்வுக்குப் பத்மநாபபுரம் அரண்மனையை எடு. மண் தமிழ்நாடு, பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. வீட்டுப் பக்கத்திலேயே இப்படி ஒரு தலைப்பு யாருக்குக் கிடைக்கும்?

கேட்டவள்: சரி அண்ணே. அப்பாவிடம் சொன்னேன். "அப்போ ஆடி மாசக் கணக்கை யார் பார்ப்பா?" என்கிறார்.