உண்டியலில் சேர்ந்த பணத்தை கிளப்பிடம் கொடுக்கலாமா?

தெற்கு கேலரி:
கடனில் தத்தளிக்கும் உள்ளூர் கால்பந்து கிளப். ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, வரி பாக்கிக்கும் நோட்டீஸ் வந்தாயிற்று. ரசிகர்கள் உண்டியல் குலுக்கி ஒரு தொகை சேர்த்திருக்கிறார்கள். உடனே கொடுத்தால் சம்பளம் போட்டுவிடலாம் என்கிறார் முதலாளி. கொடுப்பதா, நிறுத்தி வைப்பதா? கிளப்பையே ரசிகர்கள் வாங்குவது நடக்கிற காரியமா?

கணக்குப்பிள்ளை:
கொடுக்காதீர்கள். கிளப் கணக்கில் விழுந்த நிமிடமே அது கிளப்பின் பணம். ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்த வங்கிக் கடன்) இருந்தால் வங்கியே எடுத்துக்கொள்ளும், ஆட்டக்காரர் கைக்குப் போகாது. பேரம் பேச உங்களிடம் இருப்பதும் அந்தப் பணம் ஒன்றுதான்.

முதலில் தனி அமைப்பைப் பதிவு செய்யுங்கள். எத்தனை பங்கு வாங்கினாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற கூட்டுறவு வடிவம் நல்லது. இல்லையென்றால் பெரிய தொகை போட்டவர் அடுத்த முதலாளி ஆகிவிடுவார். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து. கிளப் கைக்கு வராவிட்டால் பணம் திரும்பும் என்று ரசீதிலேயே அச்சடியுங்கள். உண்டியல் காசுக்கு இது செல்லாது, யார் போட்டது என்று தெரியாதே! கிளப் கிடைக்காவிட்டால் அந்தக் காசு எதற்குப் போகும் என்பதை உண்டியல் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

பிறகு முதலாளியிடம் கேட்க வேண்டியது: அடுத்த 13 வாரத்துக்கு வாரவாரியான வரவு செலவு, கடன்காரர் பட்டியல், எந்தக் கடனுக்கு எது அடமானம், முதலாளியே கொடுத்ததாக எழுதியிருக்கும் கடன், ஆட்டக்காரர் ஒப்பந்தங்கள் முடியும் தேதி. சீசன் டிக்கெட் பணத்தைத் தனியாகப் பாருங்கள். அடுத்த ஆண்டு டிக்கெட்டை இப்போதே விற்றுச் செலவழித்திருந்தால், நீங்கள் கிளப்பை எடுக்கும் ஆண்டில் வாசல் வசூல் பாதிதான். தர மறுத்தால் அதுவே பதில்.

கார்னர் கொடி:
எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: மைதானம் யார் பெயரில்? கிளப் ஒரு கம்பெனியிடம், மைதானம் இன்னொரு கம்பெனியிடம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். அப்படியானால் நீங்கள் வாங்குவது பெயர், சட்டை, கடன் அவ்வளவுதான். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கிளப்பை ரசிகர் டிரஸ்ட் (ரசிகர்கள் சேர்ந்து அமைத்த அமைப்பு) வாங்கப் போனபோது பெரிய முட்டுக்கட்டை, அதன் மைதானமான ஃப்ராட்டன் பார்க் மேல் பழைய முதலாளியின் நிறுவனத்துக்கு இருந்த அடமான உரிமை. நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரலில் சமரசம் ஆன பிறகுதான் கிளப் கைக்கு வந்தது. பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

ஆஃப்சைடு:
வாங்குவது கூட முடியும், நடத்துவதுதான் கஷ்டம். வாங்கும் விலையை மட்டும் இலக்கு வைத்து வசூலிப்பவர்கள் ஆறாம் மாதம் மாட்டிக்கொள்கிறார்கள். விலை, பழைய பாக்கி, ஒரு முழு சீசன் நட்டம் மூன்றையும் கூட்டுங்கள். அதனால் மொத்தத் தொகையை விட மாதச் சந்தா முக்கியம். ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கிளப் 2013இல் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு (கடன் கட்ட முடியாத கிளப்பின் நிர்வாகம் வெளியாளிடம் போவது) போய், அதற்குத் தண்டனையாக 15 லீக் புள்ளி இழந்து, அந்த சீசனிலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மாதாமாதம் கட்டிய சந்தாதான் தூக்கி நிறுத்தியது. ஆனாலும் பெரும்பான்மைப் பங்கு ரசிகர் அமைப்பிடம் வந்தது 2021இல்தான். இடையில் ஒருவர் வாங்கிவைத்து நடத்தினார், சந்தா போய்ச் சேர்ந்தது அவர் கடனை அடைக்கவும் கிளப் செலவுக்கும்.

'தருகிறேன்' என்று கை தூக்குபவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வங்கியில் தானியங்கிப் பிடித்தத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்தான் சந்தாதாரர்.

இங்கிலாந்தின் சிறிய கிளப்பான எக்ஸீட்டர் சிட்டியைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். 2003இல் ரசிகர் டிரஸ்ட் எடுத்தது உண்மை. ஆனால் 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பெரிய கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டோடு அவர்கள் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் 0-0, பிறகு சொந்த மண்ணில் மறு ஆட்டம். கடனைத் தீர்க்கப் பெரிதும் உதவியது அந்த இரண்டு ஆட்டங்களின் வசூல். அதை பட்ஜெட்டில் எழுத முடியாது :)

தெற்கு கேலரி:
நன்றி. ஆனால் இந்த வாரம் சம்பளம் போகாவிட்டால் ஆட்டக்காரர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விடுவார்களே?

கணக்குப்பிள்ளை:
அந்த ஆபத்து நிஜம்தான். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் நன்கொடையாக வேண்டாம், கடனாகக் கொடுங்கள். எந்தச் சொத்தாவது அடமானமாகப் பதிவான பிறகே பணம் நகரட்டும். அதையும் முதலாளி வழியாக அனுப்பாமல், வக்கீலின் பொறுப்புக் கணக்கிலிருந்து நேராகச் சம்பளத்துக்கே போகும்படி எழுதிக்கொள்ளுங்கள். நிபந்தனையாக இயக்குநர் குழுவில் ஓர் இடமும், வங்கிக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் கேளுங்கள்.

ஒன்று கவனம்: அந்த இடத்தில் உட்காருபவருக்கும் இயக்குநர் பொறுப்பு முழுசாக வரும். கிளப் மீளாது என்று தெரிந்த பிறகும் கடன் வாங்க ஒப்புக்கொண்டால், பல நாடுகளில் அவர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட நேரும். தனியாக ஒரு வக்கீலிடம் கேட்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

கார்னர் கொடி:
லீக் விதிப் புத்தகத்தையும் இன்றே எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் இ.எஃப்.எல்.லில் (பிரீமியர் லீக்குக்கு அடுத்த மூன்று பிரிவுகளை நடத்தும் லீக்) அட்மினிஸ்ட்ரேஷனுக்கு 12 புள்ளி வெட்டு. மற்ற கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் உள்ள பாக்கி முதலில் தீர வேண்டும், இல்லையென்றால் லீக்கில் இடம் தொடர்வது சிக்கல். உங்கள் லீக்கில் கெடு எந்தத் தேதி என்று தெரிந்தால்தான் கணக்குப்பிள்ளை சொன்ன 13 வாரக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.