மறு: ‘பின்தடை மிகைவெப்பம்’ சரியா? மாற்றுச் சொற்கள்

வணக்கம்.

காரின் பின்பிரேக் அளவுக்கு மீறிச் சூடாவதைக் குறிக்க, நம் கலைச்சொல் பட்டியலில் ‘பின்தடை மிகைவெப்பம்’ என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. சொல்லில் இலக்கணக் குறை ஏதுமில்லை. ஆனால் அது காய்ச்சலுக்கு வைத்த பெயர், நோய்க்கு வைத்ததல்ல. பின்சக்கரம் கொதிக்கிறது என்பது பக்கத்தில் போய் நின்றாலே தெரிந்துவிடும். ஏன் கொதிக்கிறது என்பதில்தான் பட்டறையில் குழப்பம் வருகிறது. சொல் உதவ வேண்டியது அங்கேதான்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பிரேக் அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அதனால் பெரும்பாலான கார்களில் நிறுத்தும் வேலையில் 60 முதல் 70 விழுக்காடு வரை முன்சக்கரங்களே செய்கின்றன. எஞ்சின் பின்னால் இருக்கும் ஸ்போர்ட்ஸ் காரில் பின்சக்கரத்தின் பங்கு கூடும். அப்போதும் முன்பக்கத்து டிஸ்க்தான் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) அதிகம் சூடாக வேண்டும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் நான்கு சக்கரமும் காயும், முன்சக்கரம் கூடுதலாகக் காயும். பின்சக்கரம் மட்டும் காய்ந்தால், ஓட்டுநரின் கால் அல்லாத வேறொன்று அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ‘வேறொன்று’ இரண்டு வகை. நமக்கு வேண்டியவை அந்த இரண்டுக்குமான இரண்டு சொற்கள்.

ஒன்று, பிடித்த பிரேக் விடாமல் இருப்பது. பேடுகளை (உராய்வுத் தகடுகளை) டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருக்கலாம், கேலிப்பர் வழுக்கி நகர உதவும் ‘பின்’ (pin) என்ற கம்பி இறுகியிருக்கலாம், கைபிரேக் கேபிள் முழுதாகத் தளராமல் இருக்கலாம், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி பிரேக் எண்ணெயைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கலாம். இரண்டாவது, எல்லாம் சரியாக இருந்தும் காரின் கணினியே பின்பிரேக்கைப் பிடிப்பது. வளைவில் வண்டி வழுக்காமல் இருக்கவும், உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றாமல் இருக்கவும், மூக்கை வளைவுக்குள் திருப்பவும் அது ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்துப் பிடித்து விடும். 1997இல் மெக்லாரன் ஃபார்முலா 1 அணி ஒரு பக்கத்துப் பின்பிரேக்கை மட்டும் பிடிக்கக் கூடுதலாக ஒரு பெடல் வைத்திருந்தது. 1998இல் அதற்குத் தடை வந்தது. அதே கருத்தை 2011இல் வந்த மெக்லாரன் எம்பி4-12சி சாலைக் காரில் பெடல் இல்லாமல் கணினியிடம் ஒப்படைத்தார்கள். இப்படிப்பட்ட காரைக் கோவை அருகே செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதையில் சுற்றுக்குச் சுற்று விரட்டினால் பின்பிரேக் காய்வது பழுதே இல்லை.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. டிஸ்க் நன்றாக ஆறிய பிறகு, பெடலை முடிந்தவரை தொடாமல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, வண்டியைத் தானாக உருண்டு நிற்கவிட்டு, நான்கு டிஸ்கிலும் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். (பளபளக்கும் இரும்பில் அகச்சிவப்பு வெப்பமானி குறைத்துக் காட்டும். அதனால் எண்ணை விட, இடம் வலம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம்புவது நல்லது.) ஒரு பின்சக்கரம் மட்டும் சூடு என்றால் கேலிப்பர் அல்லது ஹோஸ், இரண்டும் சூடு என்றால் முதல் சந்தேகம் கைபிரேக் மேல். பிறகு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது. இறுக்கமாக இருந்தால், பிரேக் எண்ணெயிலிருந்து ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். திறந்ததும் சக்கரம் இலகுவாகிவிட்டால் எண்ணெய் அழுத்தம் மாட்டியிருக்கிறது. அப்படியும் இறுகியே இருந்தால் சிக்கல் இயந்திரப் பகுதியில். இந்தச் சோதனைகளில் எல்லாம் குளிர்ந்தே இருந்து, பந்தயப் பாதையில் மட்டும் கொதித்தால், முன்பேடுக்கு முன்னரே பின்பேடு தேய்ந்தும் போயிருந்தால், அது கணினியின் வேலை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். முதல் வகைக்கு ‘எஞ்சிய இழுவை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பாடநூல் வழக்கில் அது சரி. ஆனால் பட்டறையில் ‘வண்டிக்கு இழுவை இருக்கு’ என்றால் எஞ்சின் நன்றாக இழுக்கிறது என்று பொருள். கெட்டதற்கு நல்லதன் பெயரைச் சூட்டினால் நம் பட்டியலை மெக்கானிக் தொடமாட்டார்.

நான் இருப்பது பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் போகும் சாலையில். பட்டறைகளில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். ‘வண்டி பிடிச்ச மாதிரி ஓடுது’ என்பார் இந்தப் பக்கத்துக்காரர். ‘ஒரு பிடுத்தம் உண்டு’ என்பார் கேரளத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்து வருபவர். எல்லைக்கு இரு பக்கமும் நாக்கில் இருப்பது ‘பிடி’தான். ஆகவே முதல் வகைக்கு விடாப்பிடி என்றும் இரண்டாம் வகைக்கு கேளாப்பிடி என்றும் முன்மொழிகிறேன். விட வேண்டியபோது விடாதது விடாப்பிடி. ஓட்டுநர் கேளாமலே பிடிப்பது கேளாப்பிடி. இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதனால் ப் மிகும். ‘எஞ்சுபிடி’யும் எனக்குப் பிடித்திருக்கிறது, வினைத்தொகை என்பதால் அதில் ஒற்று மிகாது. விடாப்பிடி எவ்வளவு என்று அளந்து சொல்லும்போது அந்த அளவுக்கு எஞ்சுபிடி என்று வைத்துக்கொள்ளலாம்.

‘விடாப்பிடியாக நின்றான்’ என்ற வழக்கோடு மோதாதா என்று கேட்பீர்கள். மோதாது. சக்கரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் யாருக்கும் ஐயம் வராது. ஏற்கெனவே வாயில் பழகிய சொல் என்பது கூடுதல் பலம்.

விளைவுகளையும் தனியே பிரிக்க வேண்டும். சூட்டில் பேடின் உராய்வு குறைந்து, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் போவது பிடித்தளர்ச்சி. எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகி, பெடல் பஞ்சுபோல் கீழே போவது ஆவியடைப்பு. டாட் 4 என்ற தர வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பின் அது 155 ஆக இறங்கிவிடும். நம் பழைய பட்டியலில் இரண்டும் ‘தடையிழப்பு’ என்றே இருக்கின்றன. ஒன்றுக்கு பேடு மாற்ற வேண்டும், மற்றதற்கு எண்ணெய் மாற்ற வேண்டும். தயவுசெய்து இதைத் திருத்திவிடுங்கள்.

ஒரு ஐயம் மிச்சம். பொத்தானால் இயங்கும் கைபிரேக்கில் மோட்டார் பின்வாங்காமல் நின்றுவிட்டால் எதில் சேர்ப்பது? மின்சாரம் வழியாக நடப்பதால் கேளாப்பிடி என்று சிலருக்குத் தோன்றலாம். ஓட்டுநர் கேட்டுத்தான் அது பிடித்தது, விடச் சொன்னபோதுதான் விடவில்லை. எனவே அதை விடாப்பிடியில் சேர்க்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால், குறிப்பாகச் செங்கோட்டை, கம்பம் பக்கத்துப் பட்டறைகளில் வேறு சொல் புழங்கினால், பட்டியலை முடிக்கும் முன் எழுதுங்கள்.