புயல் வெப்பக் கையிருப்பு: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

புயலுக்கு வலுவூட்டக் கடலில் இருக்கும் வெப்பத்தை ஆங்கிலத்தில் 'Tropical Cyclone Heat Potential' என்பார்கள். அதற்குத் தமிழில் 'வெப்பமண்டலப் புயல் வெப்பத் திறன்' என்று முன்வைக்கப்பட்டுள்ள சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஒரே தொடரில் 'வெப்பம்' இருமுறை, அதுவும் இருவேறு பொருளில் வருகிறது. 'திறன்' என்பதோ வேலை நடைபெறும் வீதத்தைக் குறிக்கும் சொல்லாகப் பள்ளி இயற்பியலிலேயே பதிந்துவிட்டது. 1972-இல் லைப்பர், வோல்ஜெனோ ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் மெக்சிகோ வளைகுடாவுக்கு இதைக் கணக்கிட்டபோது 'ஹரிக்கேன் (அட்லாண்டிக் பகுதிப் புயல்) வெப்பப் பொட்டன்ஷியல்' என்றுதான் பெயரிட்டார்கள். ஆகவே 'வெப்பமண்டல' என்ற அடையைத் தமிழில் விட்டுவிடுவதால் குறையொன்றும் இல்லை.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். புயல் உருவாகக் கடற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் புயல், தன் காற்றாலேயே கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே இழுத்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீர் பாலேடுபோல மேலே மட்டும் படிந்திருந்தால், புயல் தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொண்டதாக ஆகும். 2005-இல் காத்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடாவைக் கடந்தபோது மேற்பரப்பு வெப்பநிலை பெரும்பகுதியில் ஏறக்குறைய 30 டிகிரியாகவே இருந்தது. இருந்தும், வெந்நீர் ஆழமாக இறங்கியிருந்த, அவ்வளைகுடாவின் லூப் நீரோட்டத்தின் மேல் வந்தபோதுதான் அது புயல் அளவுகோலின் உச்சமான ஐந்தாம் நிலைக்கு வலுத்தது. ஆகவே மேற்பரப்பிலிருந்து 26 டிகிரி நீர் இருக்கும் ஆழம்வரை, அந்த 26-க்கு மேற்பட்டு உள்ள வெப்பத்தை மட்டும் கூட்டி, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோஜூல் என்று கணக்கிடுகிறார்கள்.

இதற்கு 'புயல் வெப்பக் கையிருப்பு' என்பதை முன்மொழிகிறேன். கடலின் மொத்த வெப்பத்தை 'வெப்ப இருப்பு' என்று வைத்துக்கொண்டால், அதில் புயல் எடுத்துச் செலவழிக்கக்கூடிய பங்கைக் 'கையிருப்பு' தெளிவாகப் பிரித்துக் காட்டும். கடைக்கணக்கின் வாடை வீசுகிறதே என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்த வாடைதான் பிடித்திருக்கிறது, ஏனெனில் கருத்தே வரவுசெலவுக் கருத்து.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகியவற்றின் நன்னீர் வங்கக் கடலின் மேற்பரப்பில் பரவி, கலப்பைத் தடுக்கும் ஓர் இடையடுக்கை உண்டாக்குகிறது. அதனால் அங்கே குளிர்நீர் எளிதில் மேலே வருவதில்லை, கையிருப்புக் கணக்கோ உப்பின் அளவைப் பார்ப்பதே இல்லை. ஆங்கிலத்தில் 'barrier layer' எனப்படும் அந்த அடுக்கைத் 'தடுப்படுக்கு' எனலாமா, 'அரணடுக்கு' எனலாமா?