ஜேம்ஸ் வாட் சிறுவயது ஓவியம்: கெட்டிலை வரையலாமா, கூடாதா?

கரிக்கோடு:
ஒரு நூலகச் சுவருக்காக ஜேம்ஸ் வாட்டின் சிறுவயதை ஆயிலில் வரையப்போறேன். கெட்டில் மூடியை நீராவி தள்ளுறதைப் பார்த்துத்தான் அவருக்கு நீராவி என்ஜின் யோசனை வந்துச்சுன்னு சொல்லுவாங்களே, அந்தக் காட்சி. நாலடிக்கு மூணடி கேன்வாஸ். ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊர் வீடு, கணப்பு, கொதிக்கிற கெட்டில், முன்னால் பையன், பக்கத்தில் திட்டுகிற மியூர்ஹெட் அத்தை. பென்சில் வரைவு முடிஞ்சது. வண்ணத்தில் கை வைக்கும் முன் கருத்து சொல்லுங்க.

பழங்கணக்கு:
அண்ணே, வேண்டாம். நீராவி என்ஜினையே வாட்தான் கண்டுபிடிச்சார்னு ஊரே நம்புறது இந்தக் கெட்டிலால்தான். நியூகோமன்னு ஒருத்தர் செஞ்ச நீராவி என்ஜின் 1712-லேயே இங்கிலாந்தில் டட்லி பக்கம் சுரங்கத் தண்ணியை இறைச்சது. வாட் பிறந்ததே 1736. கெட்டில் கதையைச் சொன்ன உறவுக்காரர் மேரியன் கேம்பெல், அதையும் 1798-ல் சொன்னார். அரை நூற்றாண்டு கழிச்சு வந்த ஞாபகம்! அப்புறம் பிரெஞ்சு விஞ்ஞானி அராகோ தன் புகழுரையில் சேர்த்ததும் உலகம் சுத்திடுச்சு.

கொதிகலன்:
பாய்லர் பக்கத்திலேயே வேலை பார்த்தவன் சொல்றேன். மூடி எகிறுவதை வரைஞ்சா தப்பு, ஸ்பூனில் துளி கோக்கிறதை வரைஞ்சா சரி. மூடியைத் தள்ளுவது அழுத்தம். வாட் பிடிச்சது நீராவி குளிர்ந்து தண்ணியாகிற சங்கதி. நியூகோமன் என்ஜினில் சிலிண்டருக்குள்ளேயே பச்சைத் தண்ணியைப் பீச்சுவாங்க. நீராவியோடு சிலிண்டரும் குளிரும். அதை மறுபடி சூடாக்கியே நிலக்கரி தீரும். குளிர்விக்கத் தனிப் பாத்திரம்னு 1765-ல் வாட்டுக்குத் தோணியது, 1769-ல் காப்புரிமை. மேரியன் சொன்னதிலும் பையன் வெள்ளி ஸ்பூனை நீராவியில் பிடிச்சுத் துளிகளை எண்றான்.

பழங்கணக்கு:
முப்பது வயசு ஆளின் யோசனையைப் பொடியன் கையில் திணிக்கிறீங்க, சார். வாட் பெரிய மனுசன் ஆனப்புறம் மேரியன் சொன்ன கதை அது, துளி வராமலா இருக்கும்? 1763 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து நியூகோமன் என்ஜினின் சின்ன மாடல் வாட்கிட்ட ரிப்பேருக்கு வந்துச்சே, அங்கேதான் விஷயம் ஆரம்பம். சிறுவயசுதான் வேணும்னா அப்பாவின் பட்டறையை வரையுங்க. கப்பல் சாமான் வியாபாரி, மாலுமிக் கருவிகளைச் சீர்பண்ணுவார். மகனுக்குச் சின்னச் சின்ன உளி, சுத்தி கொடுத்திருந்தார்.

அகல்:
பட்டறையில் என்ன நடக்குது தம்பி? பையன் இழைக்கிறான், அவ்வளவுதான். கதை சொல்ற ஓவியத்துக்கு ஒரு உரசல் வேணும். ஒரு மணி நேரமா வாயைத் திறக்காம மூடியை எடுத்து எடுத்து வைக்கிறியே சோம்பேறின்னு அத்தை திட்டுறா. பையன் காதிலேயே விழலை. ஒரே கெட்டிலை ரெண்டு பேரும் வேற வேறயா பார்க்கிறாங்க. ஓவியர் லாடர் 1855-ல் வளர்ந்த வாட்டை வரைஞ்சார், 1863-ல் இன்னொரு ஓவியர் மார்கஸ் ஸ்டோன் பையனைத்தான் தேடிப் போனார்.

கரிக்கோடு அண்ணா, ஒரு விஷயம். கெட்டில் மூக்கின் வாயிலிருந்தே வெள்ளைப் புகையைக் கிளப்பிடாதீங்க. நிஜ நீராவி கண்ணுக்குத் தெரியாது. மூக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வெறுமையா விடுங்க, அப்புறம் ஜிங்க் ஒயிட்டை உலர்ந்த தூரிகையில் தொட்டுத் தேய்ச்சாப் போதும்.

கொதிகலன்:
சபாஷ்! அந்த வெறும் இடத்தில்தான் கை வெந்துபோகும். இன்னொண்ணு: கெட்டில் முழுக் கட்டுக்கதையும் இல்லை. வளர்ந்த வாட் கெட்டில் மூக்கில் கண்ணாடிக் குழாயைச் சொருகி நீராவியைக் குளிர்ந்த தண்ணியில் விட்டுப் பார்த்திருக்கார். ஒரு பங்கு தண்ணி நீராவியாப் போனா, தன்னைப்போல் சுமார் ஆறு மடங்கு தண்ணியைக் கொதிநிலைக்கு ஏத்திடும்னு கண்டார். ஏன்னு விளக்கியவர் விஞ்ஞானி ஜோசப் பிளாக்.

கரிக்கோடு:
அப்போ மூடி மூடியே இருக்கட்டும். ஸ்பூன், துளி, அத்தை. பின்னால் பலகையில் அப்பாவின் குவாட்ரன்ட், மாலுமிகள் கோணம் அளக்கிற கருவி. அடியில் ‘மேரியன் கேம்பெல் சொன்னபடி, 1798’னு எழுதிடறேன்.

பழங்கணக்கு:
படத்தடியில் எழுதினதை எந்தப் பிள்ளை படிக்குது? வேணும்னா சுவரில் நியூகோமன் என்ஜின் படம் ஒண்ணு தொங்கவிடுங்க. 1719-லேயே பார்னி செதுக்கிய அச்சுப்படம் இருக்கு.

அகல்:
அந்த வீட்டில் அது தொங்குச்சுன்னு யார் தம்பி சொன்னா? கெட்டிலுக்காவது மேரியன் இருக்கா.